உடும்பும் வண்ணத்துப்பூச்சியும்

செஞ்சிக் கோட்டைக்கு வருவோர் இராசகிரியை அண்ணாந்து நோக்குவர். அடிவாரத்து எருக்கஞ்செடியை நோக்குவார் அரியர். செம்மஞ்சட் சிறகின் ஓரத்திற் கருமை தீட்டிய வண்ணத்துப்பூச்சி ஒன்று அச்செடியைச் சுற்றித் திரியும். அதனைக் கண்டு கைகொட்டி மகிழும் சிறுவரே, பாறை வெடிப்பினின்று உடும்பு தலை நீட்டினாற் கல்லெடுப்பர். இளமையில் யானும் எறிந்தவனே. அது முறையன்று என்பதை இன்று உணர்கிறேன்.

வண்ணத்துப்பூச்சிக்கு நம் நாட்டிற் பெருமை குறைவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் 'தமிழ் மறவன்' என்னும் இனத்தை 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. நன்று. உடும்புக்கோ 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றே துணை. அச்சட்டம் இருந்தும், இறைச்சிக்காகவும், நோய் தீர்க்கும் என்று நம்பி நெய்க்காகவும் அதனைக் கொல்வார் உளர். கஞ்சிராவுக்கு உடும்புத் தோலே சிறந்ததெனப் போர்த்தி வந்தமையால், நம் இசையரங்கிற்கும் அப்பழியிற் பங்குண்டு. 'உடும்புப்பிடி' என அதன் உறுதியைப் புகழ்வது மட்டும் நாம் மறவாத ஒன்று!

அது செய்யும் குற்றந்தான் யாது? வண்டும் நண்டும் எலியும் தின்னும். செத்த விலங்கையும் தின்று நிலத்தைத் தூய்மை செய்யும். சிலவேளை கோழிமுட்டையையும் கவரும், மறுப்பதற்கில்லை. அதன் பிளவுபட்ட நாவைக் கண்டு நஞ்சென அஞ்சுவர். அந்நா மணமறிந்து இரை தேடுதற்கு உரியது. நாம் விரும்பும் அவ்வண்ணத்துப்பூச்சியோ, புழுவாயிருந்த காலத்தில் எருக்கிலையைத் தின்று, அதன் நஞ்சைத் தன் உடலிற் சேர்த்து வைத்துள்ளது. ஆதலின் பறவைகள் அதனை ஒதுக்குகின்றன. தோற்றத்தைக் கொண்டு குணத்தை அளப்பது எத்துணைப் பிழை, மாணவர்காள்!

2025ஆம் ஆண்டில் இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. காண வருவோர் பெருகுவர், பாதைகள் செப்பனிடப்படும். அப்போது எருக்கும் புதரும் குப்பையெனக் களையப்படுமாயின், வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிட இலை இராது. உடும்பு தன் முட்டைகளைப் புதைத்து வைக்கும் கரையான் புற்றும் உடன் இடிபடும். அழகியதைக் காக்க விழைவோர், அழகற்றதென ஒதுக்கிய செடியையும் புற்றையும் முதலிற் காத்தல் வேண்டும். பாதைக்கு வேண்டுமளவு வெட்டுக. மதிலடியையும் பாறைச் சரிவையும் அவற்றுக்கே விடுக.