டம்ளரோடு பக்கத்தில் இருங்கள்



முகூர்த்தங்களும் கோயில் திருவிழாக்களும் வரிசைகட்டும் மாதங்கள் உண்டு. விருந்து முடிந்த மறுநாள், ஏதாவது ஒரு வீட்டில் பாத்ரூம் கதவு ஓயாமல் திறந்து மூடும். 'எது ஒத்துக்கலை?' என்று கூடத்தில் விசாரணை நடக்கும். மயோனைஸ், ஐஸ்க்ரீம், பாயசம் என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏறும். வெகுநேரம் வெளியிலேயே கிடந்த சாதத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் கிருமி வாந்தியைக் கிளப்பும். அதன் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆனால் விசாரணை காத்திருக்கட்டும், படுத்திருப்பவரைக் கவனிப்போம்.

இந்த நேரத்தில் நமக்கு இரண்டு அவசரங்கள் வரும். ஒன்று, பேதியை உடனே நிறுத்தும் மாத்திரை. காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் அது தொந்தரவைக் கூட்டலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. இன்னொன்று, 'லங்கனம் பரம ஔஷதம்' என்று வயிற்றைக் காயப்போடுவது. சோற்றுக்குச் சில மணி நேரம் விடுப்பு கொடுக்கலாம்; தண்ணீருக்குக் கொடுக்க முடியாது. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது.

பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும் உபாதை இது. அதுவரை, உடம்பை விட்டுப் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் வைத்தியம்.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தத் தண்ணீரைக் குவளையில் பிடித்துப் புகட்டியவர்களில் பலர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான். மருத்துவம் படிக்காத அந்தக் கைகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் வீட்டிலும் அந்த வேலைக்குத்தான் ஆள் தேவை.

அந்தத் தண்ணீரின் இன்றைய வடிவம்தான் ஓ.ஆர்.எஸ். மெடிக்கல் ஷாப்பில் அந்தப் பொடியை வாங்கும்போது 'உலக சுகாதார நிறுவன ஃபார்முலா' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இனிப்பு தூக்கலான பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் போட்டுக்கொள்வதற்கு 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள். உப்பு ஏறி ஆபத்தாகிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பொடி கிடைக்காத இரவில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும்.

மடமடவென்று குடிக்கச் சொல்லாதீர்கள். குடித்ததை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பசி எட்டிப் பார்த்ததும் கஞ்சி, இட்லி, குழைந்த ரசம் சாதம். புகட்டும் கைக்கும் சோப்பு அவசியம்.

மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், எதுவும் வயிற்றில் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, எழுந்தால் தலைசுற்றல், மூன்று நாள் தாண்டிய பேதி – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான். பச்சிளங்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை அல்லது சிறுநீரக நோயாளி என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

வேலைக்காக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தும் கரைத்துக் கொடுக்க ஆள் இருக்காது. தனியாக இருப்பவர்களே, படுக்கும் முன் யாரிடமாவது போனில் சொல்லிவிடுங்கள். பக்கத்து போர்ஷன்காரர்களே, கேள்விப்பட்டால் கதவைத் தட்டிவிடுங்கள். இந்த மாத மளிகைச் சீட்டில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் சேர்த்து எழுதுங்கள்: ஒன்று நம் வீட்டுக்கு, இன்னொன்று அந்தக் கதவுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்