மண்டையிடிக்கும் எம்.சி. உண்டு: நோயோடு லோரி ஓட்டுவது குறித்து ஒரு நிலைப்பாடு

நெகிரி செம்பிலானின் கோலா சாவாவிலும் ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களிலும் லோரி ஓட்டிப் பிழைப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் இந்த அமைப்பில், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒற்றைத் தலைவலி வந்தால் லோரியை ஓரம் கட்டலாமா? கட்டினால் அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு? அமைப்பின் பதில் இதுதான்: ஓட்டுநர் நிறுத்தியே ஆக வேண்டும். அந்த நாள் சம்பளத்தை முதலாளி தர வேண்டும். நோயைச் சொன்னதற்காக எவருடைய வேலையும் பறிபோகக் கூடாது. ஓட்டுநரும் நோயை மறைக்கக் கூடாது.

கடைசி வரிக்கு உறுப்பினர்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

ஒற்றைத் தலைவலியான மைக்ரேனைச் 'சும்மா மண்டையிடி' என்று தள்ளிவிடும் பழக்கம் தோட்டத்திலும் உண்டு, ஆபீசிலும் உண்டு. உலக அளவில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். மனிதரைச் செயலிழக்க வைத்து வாழும் ஆண்டுகளைக் கெடுக்கும் நோய்களில் இது இரண்டாவது என்று 2016ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்பது உண்மை. அதனாலேயே ஆண்கள் நிறைந்த லோரித் தொழிலில் இதை வெளியே சொல்லக் கூச்சம்.

ஓட்டுநருக்கு வலியைவிட ஆபத்தானது, சிலருக்கு வலிக்கு முன்னால் வரும் 'ஆரா'. அது பெரும்பாலும் 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். முன்னால் போகும் காரின் நம்பர் பிளேட்டில் பாதி எண்கள் காணாமல் போகும். பக்கக் கண்ணாடியில் பார்த்தால் வளைந்து நெளியும் வெளிச்சக் கோடு ஒன்று மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும். கண்ணைக் கசக்கினாலும் போகாது. கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். ரந்தாவ் பக்கத்து இருவழிச் சாலையில், எதிரே பள்ளி பஸ் வரும் நேரத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்குப் பார்வையின் ஒரு பக்கம் இல்லை என்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. வலி தொடங்கிய பிறகோ வாந்தி, வெளிச்சம் தாங்காமை, டீசல் வாசனையே குமட்டுவது என்று வரிசையாக வரும். சாலையோரம் கதவைத் திறந்து வாந்தியெடுத்துவிட்டு, பனடோல் இரண்டை வாயில் போட்டு, மிச்ச லோடை மில்லில் இறக்கிவிட்டு வந்த கதையைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது பலர் சிரித்தார்கள். அவர்களுக்கும் அதே கதை இருந்ததுதான் காரணம்.

ஏன் நிறுத்துவதில்லை? டிரிப் காசு. அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் குறையும், விலையும் குறையும். ஆகவே மண்டோர் அவசரப்படுத்துவார், எடை மேடையில் வரிசை நிற்கும், ஓட்டுநர் அடுத்த டிரிப்பைக் கணக்குப் போடுவார். விடிவதற்கு முன் வெறும் வயிற்றில் கோப்பி ஓ, மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, சிறுநீர் கழிக்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காத நாள்கள். தூக்கக் குறைவு, பட்டினி, நீர் வற்றுதல், கண்ணைக் கூசும் வெயில் ஆகிய நான்கும் மைக்ரேனைத் தூண்டக்கூடியவை. நான்கும் இந்த வேலையின் அன்றாடம். வாரம் முழுக்க ஊக்கபானமும் கோப்பியும் குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினால், அந்த நிறுத்தமே தலைவலியைக் கிளப்பும். லீவு நாளில் மட்டும் வலிக்கிறதே, வீடுதான் காரணமோ என்று மனைவியைக் குறை சொல்லும் அண்ணன்மார் இதைக் கவனிக்கலாம்.

தோட்டங்களில் ஒரு காலத்தில் டிரஸ்ஸர் இருந்தார். அவர் கொடுத்த மிக்சரின் தரம் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. ஆனால் காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்கு வராதவருக்கு டிரஸ்ஸரின் சீட்டு ஒரு காவல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சில நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் கல், மணல், குலை, கண்டெய்னர் என்று லோரிக்கு வந்தபோது அந்தச் சீட்டு கூட வரவில்லை. இந்த மாநிலத்துக்குத் தொழிற்சங்க வரலாறு இல்லாமல் இல்லை. பி.பி. நாராயணன் இந்தியத் தொழிலாளர்களைத் திரட்டத் தொடங்கியது நெகிரி செம்பிலானில்தான். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானதில் அந்த வேலைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் இரண்டு மூன்று லோரி வைத்திருக்கும் தவுக்கேயிடம் வேலை செய்யும் ஓட்டுநருக்குச் சங்கம் என்பது தாத்தா காலத்துப் பேச்சு.

நோய் நாளுக்குச் சம்பளம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது தெரியாமல் இருப்பதுதான் இங்கே பெரிய இழப்பு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு, இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாளும் தனிக்கணக்கு. மற்ற நோய் விடுப்பை இதில் கழிக்கக் கூடாது. முதலாளி நியமித்த பேனல் கிளினிக் அருகில் இல்லாவிட்டால் பதிவு பெற்ற எந்த டாக்டரின் எம்.சி.யும் (மருத்துவச் சான்றிதழும்) செல்லும். கெமாஸ் பக்கம் லோட் இறக்கப் போனவர் மண்டையைப் பிடித்துக்கொண்டு சிரம்பான் பேனல் கிளினிக் வரை ஓட்டி வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் நேரமும் பதிவாகிவிடும்.

"எனக்கு மாதச் சம்பளம் இல்லை, டிரிப் கணக்கு, எம்.சி. எடுத்தால் பூஜ்யம்" என்பார்கள். அது தவறு. நாள்கூலிக்கும் துண்டுக்கூலிக்கும் சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது: முந்திய சம்பளக் காலத்தில் ஈட்டிய மொத்தக் கூலியை, உண்மையில் வேலை செய்த நாள்களால் வகுக்க வேண்டும். போன மாதம் 26 நாள் ஓடி 3,120 ரிங்கிட் ஈட்டியவருக்கு ஒரு எம்.சி. நாளின் சம்பளம் 120 ரிங்கிட். ஓய்வு நாள், பொது விடுமுறை ஓட்டத்துக்குக் கிடைத்த காசு இந்தக் கணக்கில் சேராது. சிக்கல் எங்கே என்றால், சம்பளச் சீட்டில் சின்ன அடிப்படைச் சம்பளம் ஒன்றைப் போட்டுவிட்டு, மிச்சம் முழுவதையும் 'அலவன்ஸ்' என்று எழுதும் வழக்கம். நோய் வந்த அன்று அந்த எழுத்து ஓட்டுநருக்கு எதிராக நிற்கும். டிரிப்புக்குத் தரும் காசு கூலிதான், அதைக் கூலி என்றே சீட்டில் எழுத வேண்டும் என்பது இந்த அமைப்பின் முதல் கோரிக்கை.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ இதற்கு உதவுமா என்ற கேள்விக்குப் பதில், பெரும்பாலும் உதவாது. வேலை விபத்துக்கும் தொழில்சார் நோய்க்கும் அதில் இழப்பீடு உண்டு. வேலை செய்யவே முடியாமல் போனவருக்கு இயலாமை ஓய்வூதியம் உண்டு. மாதத்தில் மூன்று நாள் படுத்து மற்ற நாள் ஓட்டுகிறவர் இரண்டிலும் அடங்கமாட்டார். சொந்த லோரி வைத்து ஓட்டுகிறவர் நிலை இன்னும் மோசம். சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் பிறகு சரக்குப் போக்குவரத்துக்கும் விரிவானது. ஆனால் அதுவும் வேலை விபத்தையும் தொழில்சார் நோயையும்தான் பார்க்கிறது. இவர்களுக்கு நோய் நாள் உதவித்தொகை ஒன்று வேண்டும் என்று அமைப்பு அரசாங்கத்தைக் கேட்கிறது.

இன்னொரு சட்டம் அதிகம் பேசப்படாதது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்தன. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. பார்வை மங்கிய ஓட்டுநரை "இந்த ஒரு டிரிப் மட்டும் முடித்துவிடு" என்று அனுப்புவது உடனடி ஆபத்து என்றே இந்த அமைப்பு கருதுகிறது. சாரக்கட்டு ஆட்டம் காணும்போது இறங்கிக்கொள்ளும் உரிமை உண்டு என்றால், தலை ஆட்டம் காணும்போது கேபினிலிருந்து இறங்கவும் உண்டு. இதை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா தன் வழிகாட்டுதலில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டார்கள். அதன் பிறகு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜிபிஎஸ், அளவு மீறிய பாரம் என்று நாடே பேசியது. பேச வேண்டியதுதான். போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் சிரம்பானின் நாடாளுமன்ற உறுப்பினர். இந்த வட்டாரச் சாலைகள் அவருக்குப் புதிதல்ல. வண்டியின் உடம்பைச் சோதிப்பதில் காட்டும் அக்கறையை ஓட்டுகிறவர் உடம்பிலும் காட்டும்படி அமைப்பு அவரைக் கேட்டுக்கொள்கிறது.

இப்போது, நோயை மறைக்கக் கூடாது என்பதற்கு வந்த எதிர்ப்பு. நோயைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும், எனவே வாயைத் திறக்காதே என்பது பல ஓட்டுநர்களின் கட்சி. இந்தப் பயத்தை அமைப்பு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறைப்பதன் விலை என்ன என்று உலகம் பார்த்துவிட்டது. 2014 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குப்பை லோரி ஓட்டுநர் மயங்கிவிழ, லோரி நடைபாதையில் ஏறி 6 பேர் உயிரிழந்தனர். அவருக்கு முன்பும் மயக்கம் வந்திருந்தது, அதைச் சொல்லாமல் விட்டார் என்று விசாரணையில் தெரிந்தது. 2011 ஏப்ரல் 18 அன்று ஜப்பானின் கானுமாவில் வலிப்பு நோயை மறைத்து கிரேன் லோரி ஓட்டியவரின் வண்டியில் சிக்கிப் பள்ளிப் பிள்ளைகள் 6 பேர் இறந்தனர். இரண்டும் மைக்ரேன் அல்ல. மறைக்கும் மனமும் மறைக்க வைக்கும் பயமும் ஒன்றே.

கானுமாவுக்குப் பிறகு ஜப்பான் செய்தது கவனிக்கத்தக்கது. நோயை மறைத்துப் பொய் எழுதுவோருக்குத் தண்டனை கொண்டு வந்தது. கூடவே, நோயால் லைசென்ஸ் இழந்தவர் மூன்று ஆண்டுக்குள் குணமாகி வந்தால் தேர்வுகளை மறுபடி எழுதாமலேயே திரும்பப் பெறலாம் என்ற விதியும் 2014இல் நடப்புக்கு வந்தது. சொல்லச் சொல்கிற அரசு, சொன்னவர் திரும்பி வர வழியும் வைத்தது. மலேசியாவில் சரக்கு வாகனம் ஓட்டும் ஜி.டி.எல். உரிமத்துக்கும் இப்படி ஒரு திரும்பும் வழி வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து இலாகாவை அமைப்பு கோருகிறது. அந்த வழி திறக்கும் வரை உறுப்பினர்களின் தயக்கம் நியாயமானதே. ஆனாலும் ஆரா வருகிறவர் குறைந்தபட்சம் தன் டாக்டரிடமும் மனைவி மக்களிடமும் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் அமைப்பு விட்டுக்கொடுக்காது.

மைக்ரேன் உள்ள எல்லாரையும் லோரியை விட்டே இறக்கிவிட வேண்டும் என்பாரும் உண்டு. அது அறிவீனம். ஆண்டில் இரண்டு முறை, அதுவும் முன்னறிகுறியோடு வந்து மருந்தில் அடங்குகிறவரையும், வாரம் ஒருமுறை பார்வை போகிறவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆளுக்கு ஆள் பார்த்து, டாக்டர் முடிவு செய்யட்டும். வலி கட்டுக்குள் வரும் வரை பட்டறை வேலையோ எடை மேடை வேலையோ தற்காலிகமாகத் தரலாம்.

மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. டேஷ்போர்டில் பனடோல், போன்ஸ்டான், கஃபர்கோட் என்று ஒரு குட்டி மருந்துக்கடையே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கஃபர்கோட், டிரிப்டான் வகையை 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்து வந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். வலி வராமல் தடுக்க இரவில் தரும் அமிட்ரிப்டிலின் மறுநாள் காலைவரை தூக்கம் தரலாம். சளிக்குத் தரும் பிரிட்டோன் மாத்திரையும் அப்படியே. ஆஸ்துமா உள்ளவருக்கு புரோப்ரனலோல் ஆகாது, இருதய நோய் உள்ளவருக்கு டிரிப்டான் ஆகாது. ஆகவே கிளினிக்கில் முதல் வார்த்தையாக "நான் லோரி ஓட்டுகிறேன், டாக்டர்" என்று சொல்ல வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். நேரம்தான் செலவு. அந்த நேரத்துக்கான சம்பளத்தைத்தான் அமைப்பு மேலே கேட்டது.

மைக்ரேன் என்று நினைத்துக்கொண்டிருப்பது வேறாகவும் இருக்கலாம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டுச் சராசரி 18.3 விழுக்காடு. நீரிழிவு மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கித் தலை கிறுகிறுக்கும், பார்வை மங்கும். வாழ்க்கையிலேயே வராத மாதிரி திடீரென்று இடிபோல் வரும் தலைவலி, கை கால் மரத்து நாக்குக் குழறுவது, இவற்றுக்கு எம்.சி. பேச்சே வேண்டாம்; நேராக சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை. 40 வயதோ அதற்கு மேலோ ஆன, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு.

முதலாளிகளின் கஷ்டமும் பொய்யில்லை. மூன்று லோரி வைத்திருப்பவரிடம் ஓர் ஓட்டுநர் படுத்தால் மாற்று ஆள் இல்லை, குலை காத்திராது. எனவே வட்டாரத்துச் சின்ன முதலாளிகள் சேர்ந்து பொதுவாக மாற்று ஓட்டுநர்களை வைத்துக்கொள்ளலாம் என்று அமைப்பு முன்மொழிகிறது; ஆள்களைத் திரட்டித் தர அது தயார். தோட்ட நிர்வாகங்கள் தங்கள் எல்லைக்குள் லோரி ஒதுங்கி நிற்க நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஓர் இடத்தை விட வேண்டும். இங்குள்ள சாலையோரங்களில் பாரம் ஏற்றிய லோரியை இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும் என்பது ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

உறுப்பினர்களுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுக்கப்படும். வலி வந்த தேதி, நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, தூங்கியது, போட்ட மாத்திரை ஆகியவற்றை அதில் குறித்து டாக்டரிடம் காட்டலாம். சம்பளச் சீட்டில் எம்.சி. நாள் விடுபட்டவர்கள் சீட்டையும் எம்.சி. நகலையும் கொண்டு வந்தால், சிரம்பான் தொழிலாளர் இலாகாவில் புகார் எழுத அமைப்பின் ஆள் உடன் வருவார். வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் வீட்டாரை அனுப்பியும் விவரம் கேட்கலாம்.