துரைக்குப் பத்திரம் இருக்கிறது, நம் பாட்டனுக்கு?



பேராக் மாநிலம், பத்து காஜாவில் உள்ள கெல்லி மாளிகைக்கு எங்கள் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். திரும்பிய பின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். ஒன்றில் அந்த மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித்தின் குடிவழிப் படம் வரைய வேண்டும். மற்றொன்றில் அவரவர் குடும்பத்தின் குடிவழிப் படம்.

முதல் தாள் பத்து நிமிடங்களில் நிறைந்துவிட்டது. 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், மனைவி ஆக்னஸ், மகள் ஹெலன், மகன் அந்தோணி, 1926இல் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில் மறைந்தார் என்று ஒருவர் விடாமல் எழுதினர். இரண்டாம் தாள் தாத்தா பாட்டியோடு நின்றுவிட்டது. பலருக்குப் பாட்டியின் இயற்பெயரே தெரியவில்லை. பூட்டனுக்குரிய கட்டம் எல்லாத் தாள்களிலும் வெறுமையாகவே இருந்தது.

"ஐயா, வெள்ளைக்காரருக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரிகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த மாளிகையைக் கட்டத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள், தொற்றுக் காய்ச்சலில் பலர் இறந்தார்கள், அவர்களுக்காக மாரியம்மன் கோயில் எழுப்பப்பட்டது என்பதையும் மாணவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் இறந்தவர்களுள் ஒருவரின் பெயரையும் அவர்களால் எழுத இயலவில்லை. அவளுடைய கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

நம் பள்ளத்தாக்கின் துரைமார்

இதற்காகப் பேராக் வரை போகவேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே சான்றுகள் உள்ளன. இலங்கையில் 1869 முதல் இலைத்துரு நோய் பரவிக் காப்பித் தோட்டங்களை அழித்தது. அங்கிருந்த துரைமார் சிலர் சிலாங்கூருக்கு வந்து காப்பி பயிரிட்டனர். காப்பி விலை வீழ்ந்ததும் ரப்பருக்கு மாறினர். காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுப்பகுதியிலேயே வாணிக நோக்கில் ரப்பர் நட்டனர்.

கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு நிலத்திலிருந்து பிரித்து வைத்துள்ள கேரித் தீவை நீங்கள் அறிவீர்கள். எட்வர்ட் வேலண்டைன் ஜான் கேரி என்னும் ஆங்கிலேயரின் பெயரால் அது வழங்குகிறது. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத்துரையாக இருந்தவர் அவர். பந்திங் பக்கம் இன்று வளரும் நம் பிள்ளைகளும் அவர் பெயரைச் சொல்லாமல் தங்கள் ஊரைக் குறிப்பிட இயலாது. அத்தீவின் தொல்குடியினரான மா மெரி மக்களின் முன்னோர் பெயரோ, காட்டை வெட்டித் தோட்டமாக்கிய தொழிலாளர்களின் பெயரோ நிலப்படத்தில் இல்லை.

இத்தகைய ஒருவரையும் அவர் சொத்தையும் தேட விரும்புவோருக்கு வழிகள் பல உண்டு. சிலாங்கூரில் 1891இல் நிலவுரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. நிலம் யாருடையது, எவ்வளவு, யாருக்குக் கைமாறியது என்பதைப் பதிவேட்டில் எழுதும் முறை அது. ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்தது. நிலம் கேட்டு எழுதிய கடிதங்களும் அதிகாரிகளின் குறிப்புகளும் சிலாங்கூர் செயலகக் கோப்புகளாகத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1892 முதல் 1897 வரை வெளிவந்த 'சிலாங்கூர் ஜர்னல்' இதழில் துரைமாரின் நடமாட்டங்கள் செய்தியாயின. 1895இல் திருநிலைப்படுத்தப்பட்ட கோலாலம்பூர் புனித மேரி தேவாலயம் போன்றவற்றில் திருமுழுக்குக்கும் திருமணத்திற்கும் பதிவேடுகள் வைப்பது வழக்கம். 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்ட காலத்தில் தோட்டங்கள் பல இலண்டன் நிறுமங்களாயின. அதன்பின் பங்குதாரர்களுக்கு ஆண்டறிக்கை அனுப்பவேண்டி வந்தது.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. துரையிடம் நிலம் இருந்தது. நிலம் இருந்ததனால் பத்திரம் இருந்தது. பத்திரம் இருந்ததனால் பெயர் நின்றது. அவர் நம் பாட்டனைவிட அறிவாளி என்பதனாலோ உழைப்பாளி என்பதனாலோ அன்று.

நம்மவர் எங்கே இருக்கிறார்கள்?

நம்மவரும் ஏடுகளில் இருக்கிறார்கள். ஆனால் மூன்று வேளைகளில்தான் எழுதியவர்களின் கண்ணில் பட்டார்கள்: வந்து இறங்கியபோது, நோயுற்று இறந்தபோது, எதிர்த்து நின்றபோது.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தொழிலாளரை அழைத்துவரும் செலவுக்காகத் தோட்ட முதலாளிகள் செலுத்திய நிதி அது. எனவே வந்தவர்களை எண்ணினார்கள். இறப்பு மிகுந்தால் தோட்டத்தின் வேலை குன்றும். எனவே இறந்தவர்களையும் எண்ணினார்கள். ஆண்டறிக்கைகளில் நம் முன்னோர் பெரும்பாலும் எண்களாகவே நிற்கிறார்கள்.

எதிர்த்தபோது மட்டும் குரல் கேட்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நீக்கவேண்டும் என்றும் தொழிலாளர்கள் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். துரைமாரின் நலம் காக்க எழுதப்பட்ட கோப்புகளிலேயே நம்மவரின் தன்மானம் பதிவாகியுள்ளது. அதை எடுத்துப் படிப்பதற்கு நாம்தான் போகவேண்டும்.

தோட்டத்தில் நம் பெயர் நாள்தோறும் எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு, அதுவே செக்ரோல். காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டுக் குறித்த ஏடு. கூலிக் கணக்கு முடிந்ததும் அதைக் காப்பதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

என் தவறு

பிறரைக் குறைசொல்லி ஒதுங்க எனக்கு உரிமையில்லை. பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்த புதிதில் ஒரு பள்ளியில் பணியாற்றினேன். அது தோட்டத்திலிருந்து குடியிருப்புப் பகுதிக்கு மாறிக்கொண்டிருந்த பள்ளி. இடமாற்றத்திற்கு முன் பண்டகசாலையைத் தூய்மைப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கறையான் அரித்த பழைய சேர்க்கைப் பதிவேடுகள் அங்கே அடுக்கியிருந்தன. உடைந்த நாற்காலிகளோடு அவற்றையும் எரிக்கச் சொன்னேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானும் இருமுறை எண்ணவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பெரியவர் பள்ளிக்கு வந்தார். கையில் சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணிலேயே பிறந்தவர்; பிறப்புப் பத்திரம் இல்லை. குடியுரிமைக்கு மீண்டும் மனுச்செய்யத் துணைச்சான்று தேடிக்கொண்டிருந்தார். "சின்ன வயதில் மூன்று வருடம் இந்தப் பள்ளியில் படித்தேன். என் பெயர் பதிவில் இருக்குமா, ஐயா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் எனக்கு நன்றி கூறிவிட்டுப் போனார். அந்த நன்றி இன்றும் என்னை உறுத்துகிறது.

துரையின் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். நம்மவரின் பத்திரம் நம் பொறுப்பில் இருந்தது. அதற்குத் தீ வைத்தவன் நான். 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. மூடப்பட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சேர்க்கைப் பதிவேடு இருந்திருக்கும். அவை எங்கே?

"பழங்கதை எதற்கு?"

"துரைமாரின் சொத்து வரலாறு நமக்கு எதற்கு? தோட்டத்துக் கதையைப் பேசிப் பிள்ளைகளைத் தாழ்வாக உணரவைக்க வேண்டுமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. லயத்து வீட்டை விட்டு வெளியேறப் பாடுபட்டவர்கள் அதைத் திரும்பிப் பார்க்க விரும்பாதது இயல்பே. ஆயினும் இரண்டு காரணங்களுக்காக நான் மாறுபடுகிறேன்.

முதலாவது, சொத்து வரலாறு இன்னும் முடியவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. அதனால் பள்ளிகள் முதலாளியின் நிலத்தில் எழுந்தன. இன்றும் தமிழ்ப்பள்ளிகள் பல பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதற்கு, அவை நிற்கும் நிலம் அரசினுடையதன்று என்பதே முதற்காரணம். கேரித் தீவின் தோட்டங்கள் ஹரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு, கோல்டன் ஹோப் என்று கைமாறி, 2007இல் சைம் டார்பியுடன் இணைந்தன. அந்தத் தோட்ட நிறுவனம் 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. கத்ரி என்பது 1821இல் சிங்கப்பூரில் கடை திறந்த அலெக்சாண்டர் கத்ரியின் பெயர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு துரையின் பெயருக்கு மதிப்பிருக்கிறது. நம் பாட்டன் பெயரை நாம் நான்காம் தலைமுறையிலேயே இழந்துவிட்டோம்.

இரண்டாவது, நம்மவர் சொத்துடையவர்களாக மாறிய வரலாறும் இதே ஏடுகளில்தான் உள்ளது. 1950களில் ஐரோப்பியர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். பேராசிரியர் உங்கு அஜீஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து எழுதியுள்ளார். அந்த நெருக்கடியில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கெடாவின் புக்கிட் சீடிம் முதலிய தோட்டங்களை வாங்கினார்கள். பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த வழியே பூமாலை வாங்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு, பால்மரம் சீவிய தங்கள் பாட்டியும் ஒரு தோட்டத்தின் பங்குதாரராக இருந்திருக்கக்கூடும் என்று யார் சொல்வது? இதில் தாழ்வு எங்கே இருக்கிறது?

என்ன செய்யலாம்?

எளியவை சிலவற்றை முன்வைக்கிறேன்.

1. ஆசிரியர்களே, உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இந்த வாரமே தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். பெற்றோர் பெயரும் பிறந்த நாளும் உள்ள ஏடு ஆதலால், பொதுவில் பரப்பாமல் பள்ளியின் காவலில் வைத்திருங்கள்.

2. பெற்றோர்களே, பாட்டியின் பெட்டியைத் திறக்கும்போது கிழிந்த தாள் என்று எதையும் எறியாதீர்கள். பழைய கடப்பிதழ், சம்பளச் சீட்டு, சேமநிதிக் கடிதம், கூட்டுறவுச் சங்கத் தாள், சிவப்பு அட்டையின் நகல் யாவும் சான்றுகளே.

3. தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று நிறுமம் இட்டது. மற்றது நம்மவர் தமிழில் வழங்கியது. அரசு ஏடுகளில் முதற்பெயர் மட்டுமே இருக்கும். பெரியவர்களிடம் இரண்டையும் கேட்டு எழுதி வையுங்கள். இது தெரியாவிட்டால் தேடல் முதற்படியிலேயே நின்றுவிடும்.

4. பள்ளி வாரியத்தினர், பள்ளி நிலத்தின் எண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமை விவரத்தைப் பார்க்கலாம். நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைப் பள்ளிக்கு இக்கட்டு வருமுன்னரே அறிந்திருப்பது நல்லது.

5. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயா நாளிதழ்கள் பலவற்றை இணையத்தில் இட்டுள்ளது. தோட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால், துரையின் செய்தியோடு தொழிலாளர் செய்தியும் சில வேளை கிடைக்கும்.

துரையின் சொத்துத் தாளைப் பின்தொடர்வது அவரைப் போற்றுவதற்காக அன்று. அவருடைய நிலத்தின் எல்லைக்குள்தான் நம் முன்னோர் பிறந்தார்கள், வாழ்ந்தார்கள், புதைக்கப்பட்டார்கள். அந்த நிலம் எது, எப்போது கைமாறியது என்று தெரிந்தால்தான் அவர்களைத் தேடத் தொடங்கவே முடியும்.

கேள்வி கேட்ட மாணவி மறுவாரம் தன் தாளைத் திரும்பக் கொண்டுவந்தாள். பூட்டி பெயர் அஞ்சலை என்று எழுதியிருந்தாள். அருகே ஒரு தோட்டத்தின் தமிழ்ப்பெயர். அதன் ஆங்கிலப் பெயர் அவள் பாட்டிக்கும் தெரியவில்லையாம். எந்த நிலப்படத்திலும் அது இல்லை. நானும் அவளும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் இல்லத்துத் தாளில் எத்தனை கட்டங்கள் நிறைந்துள்ளன? இன்றிரவு உணவு வேளையில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

அன்புடன்,
உங்களுள் ஓர் ஆசிரியன்