ஜீப்பின் அச்சும் நம் சரக்கு வண்டியும்

மலைப்பகுதி வணிக நண்பர்களிடையே இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பிக்கப் வண்டியில், உடைக்கப் போட்ட ஜீப்பின் முன் அச்சையும் டிரான்ஸ்பர் கேஸையும் மாட்டி, நான்கு சக்கரமும் இழுக்கச் செய்துவிடலாம் என்பதே அது. மழை நாளில் சேற்று ஏற்றத்தில் வண்டி சிக்கி, கடை திறக்க நேரமான அவஸ்தையை அறிந்தவர்கள் நாம். ஆசையைக் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். முன் கிரவுனும் பின் கிரவுனும் ஒரே பல் விகிதத்தில் இல்லாவிட்டால், காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டதுமே ஒன்றையொன்று முறுக்கும், ஜாயிண்ட் உடையும். கூடுதல் இரும்பின் எடை நாம் ஏற்றும் சரக்கிலிருந்துதான் கழியும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஏறப்போவதில்லை.

சட்டமும் சும்மா இருக்காது. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறிவிட்டது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்தென்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அதே திருத்தத்தில், இத்தகைய மாற்றங்களுக்கு நிபந்தனை விதித்து அனுமதிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. மலை வணிகர்களுக்காக அதைப் பயன்படுத்தும்படி நம் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும் என்பது எமது கருத்து. மெய்யாகவே தேவைப்படுவோர், கம்பெனியே நான்கு சக்கர இழுவையோடு தரும் வண்டியை வாங்கலாம். மற்றவர்களுக்கு ஒரு சொல்: பிக்கப் பெரும்பாலும் வழுக்குவது சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான். பின் அச்சுக்கு மேல் இரண்டு மணல் மூட்டையைக் கட்டிப் பாருங்கள்.