மிக்ஸி ஜார் உடைஞ்சு வந்தா டெலிவரி தம்பியைத் திட்டினா சரியாகிடுமா?

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணின மிக்ஸி வருது. பெட்டியோட ஒரு மூலை நசுங்கியிருக்கு. பிரிச்சுப் பார்த்தா ஜாரில் விரிசல். அந்த நேரத்துல நம்ம கண்ணு முன்னால நிக்கிறது ஒரே ஒருத்தர்தான். முதுகுல பெரிய பையோட, அடுத்த வீட்டுக்குக் கிளம்பத் தயாரா இருக்கிற டெலிவரி தம்பி. ''தூக்கிப் போட்டியா?''னு அவர்கிட்ட நாலு வார்த்தை சத்தம் போட்டு, ஆப்-ல ஒரு ஸ்டாரும் கொடுத்துடறோம். கோபம் நியாயமானதுதான். காசு நம்ம காசு. ஆனா, அந்தக் கோபம் சரியான இடத்துக்குப் போகுதா?

பொன்னேரி பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. செங்குன்றத்திலிருந்து தச்சூர் கூட்டு ரோடு, கும்மிடிப்பூண்டி வரைக்கும் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி குடோன்களும் கன்டெய்னர் லாரிகளும்தான். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களும் பக்கத்துலயே இருக்கு. இங்கே பார்சலை வாங்குறவங்களும் நாமதான். குடோன்ல அதை ஏத்தி இறக்குறதும், மீஞ்சூர், பழவேற்காடுன்னு வண்டியில கொண்டு போறதும் பெரும்பாலும் நம்ம ஊர், பக்கத்து ஊர்ப் பிள்ளைங்கதான்.

எத்தனை கை மாறுது?

விற்பனையாளர்கிட்ட இருந்து ஒரு பார்சல் கிளம்பினா முதல்ல ஒரு குடோனுக்குப் போகும். அங்கிருந்து ஊர்வாரியா பிரிக்கிற மையம். அப்புறம் லாரி. அப்புறம் இன்னொரு மையம். கடைசியா உள்ளூர் ஹப். ஒவ்வொரு இடத்திலும் இறக்கணும், பிரிக்கணும், அடுக்கணும், திரும்ப ஏத்தணும். அடியில இருக்கிற சின்னப் பெட்டி மேல கனமான பெட்டிகள் ஏறி உட்காரும். இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் டெலிவரி தம்பி கைக்கு அது வருது. ஒட்டின டேப்பைப் பிரிச்சுப் பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது. உள்ளே உடைஞ்சிருக்கா, இல்லையான்னு அவருக்கும் தெரியாது.

பார்சல் வழியில விழும்னு இந்தத் துறைக்கு நல்லாவே தெரியும். பேக்கிங்குக்கான சோதனைகளை வகுக்கிற 'இஸ்டா' என்ற சர்வதேச அமைப்பு இருக்கு. அதோட அடிப்படைச் சோதனை ஒன்றில், 10 கிலோவுக்குக் குறைவான பெட்டியை சுமார் 76 செ.மீ. உயரத்திலிருந்து 10 முறை கீழே போட்டுப் பார்க்கணும். சாப்பாட்டு மேஜை உயரம்னு வச்சுக்கோங்களேன். ஒரு மூலை, மூணு விளிம்பு, ஆறு பக்கம்னு எல்லா வாக்கிலும் விழணும். அதோட லாரி குலுக்கலைத் தாங்குதான்னும் பார்க்கணும். இத்தனைக்கும் பிறகு உள்ளே இருக்கிற பொருள் பத்திரமா இருந்தாத்தான் அது சரியான பேக்கிங்.

கண்ணாடிப் பாட்டிலை ஒத்தை அட்டைப்பெட்டியில், காற்றுப்பை ஒண்ணைத் திணிச்சு அனுப்பினா, அது உடையறதுக்கு யாரும் தூக்கி எறியணும்னு அவசியமே இல்லை. பேக்கிங்ல மிச்சம் பிடிச்ச சில ரூபாய், நம்ம வீட்டு வாசல்ல நஷ்டமா வந்து நிக்குது.

அவசரம் யாரோடது?

2024 ஜூன் மாதம், ஹரியானா மாநிலம் மானேசரில் இருக்கும் அமேசான் குடோன் பற்றி ஒரு செய்தி வந்தது. 24 அடி நீளமுள்ள ஆறு லாரிகளில் இருந்து சரக்கை இறக்கி முடிக்கும் வரை கழிவறைக்கோ, தண்ணீர் குடிக்கவோ போக மாட்டோம்னு தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வெச்சதாகப் புகார். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து இதைக் கையில் எடுத்து, மத்திய தொழிலாளர் துறைக்கு நோட்டீஸ் அனுப்பியது. 'இது தனிப்பட்ட ஒரு சம்பவம்' என்றது நிறுவனம். வெயில் கொளுத்தும் ஜூன் மாதத்தில் தாகத்தோட சரக்கு இறக்குற ஒருத்தர், ஒவ்வொரு பெட்டியையும் பூ மாதிரி எடுத்து வைக்கணும்னு எதிர்பார்க்க முடியுமா?

கடைசிக்கட்டத்தில் இருக்கிறவர் கணக்கும் இதேதான். பலருக்கு மாதச் சம்பளம் இல்லை; பார்சல் எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு பேச்சுக்கு, எட்டு மணி நேரத்தில் 80 பார்சல்னு வையுங்க. ஒரு பார்சலுக்கு ஆறு நிமிஷம். அதுக்குள்ளதான் தெருவைத் தேடணும், போன் பண்ணணும், படியேறணும், ஓ.டி.பி வாங்கணும். ''அஞ்சு நிமிஷம் இருப்பா, பிரிச்சுப் பார்த்துடறேன்''னு நாம சொல்றது, அவரோட அடுத்த பார்சல் கூலி.

அதுக்காக, கேட்டுக்கு மேல பார்சலைத் தூக்கி வீசிட்டுப் போறது சரின்னு அர்த்தமில்லை. 2011 டிசம்பர்ல அமெரிக்காவில், ஃபெடெக்ஸ் ஊழியர் ஒருவர் கம்ப்யூட்டர் மானிட்டரை வேலிக்கு மேலே தூக்கி வீசிய வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அந்த நிறுவனத்தின் மூத்த துணைத் தலைவர் ஒருவரே வெளிப்படையா மன்னிப்புக் கேட்டார். வீசினது ஊழியர், பொறுப்பேத்துக்கிட்டது கம்பெனி. கவனிக்க வேண்டிய விஷயம் அதுதான்.

நம்ம ஊர்ல நடக்கிறது வேற மாதிரி. 2022-ல் கவுஹாத்தி ரயில் நிலையத்தில் பார்சல்களைப் பிளாட்பாரத்தில் வீசும் வீடியோ வைரலானது. 'அவங்க எங்க ஊழியர்கள் இல்லை. சரக்கை புக் செய்தவர்களோட ஆட்கள்' என்று விளக்கம் கொடுத்தது வடகிழக்கு எல்லை ரயில்வே. விளக்கம் சரியாகவே இருக்கட்டும். பொருளை வாங்கினவங்களுக்கு அதில் என்ன பதில் இருக்கு? ஒப்பந்தம், துணை ஒப்பந்தம்னு சங்கிலி நீள நீள, பொறுப்பு மட்டும் யார் கையிலும் நிக்கிறதில்லை.

சட்டம் யாரைக் கேட்கச் சொல்லுது?

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 இதில் தெளிவா இருக்கு. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஆன்லைன் நிறுவனங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமிக்கணும். புகார் கிடைச்ச 48 மணி நேரத்துக்குள்ள 'கிடைத்தது'ன்னு சொல்லணும். ஒரு மாதத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தே ஆகணும்னு இந்த விதிகளில் எங்கேயும் இல்லை. ஆனாலும் எடுத்து வெச்சுக்கிறது நமக்குத்தான் பலம்.

நாமே கூரியர்ல அனுப்புற பொருள் விஷயத்தில் மட்டும் உஷாரா இருக்கணும். பாரதி நிட்டிங் கம்பெனி - டி.ஹெச்.எல் வழக்கு இதுக்கு நல்ல உதாரணம். 1990-ல் ஜெர்மனிக்கு அனுப்பின ஆவணங்கள் போய்ச் சேரலை. நாலு லட்சத்துக்கும் மேல இழப்பீடு தரச் சொன்னது மாநில ஆணையம். ஆனா, ரசீதில் பொறுப்பு 100 டாலர்தான்னு அச்சடிச்சிருந்தது. அனுப்பினவர் அதில் கையெழுத்தும் போட்டிருந்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்த 100 டாலரையே உறுதி செய்தது. அதனால, விலை உயர்ந்த பொருளை அனுப்பும்போது மதிப்பை எழுதிக் கொடுத்து, இன்ஷூரன்ஸ் போட்டு அனுப்புறது நல்லது.

என்ன செய்யலாம்?

* போன், டி.வி மாதிரி பொருள்களுக்கு 'ஓப்பன் பாக்ஸ் டெலிவரி' வசதி இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. பார்த்துட்டு ஓ.டி.பி சொல்லுங்க.

* பெட்டி நசுங்கி வந்தா, பிரிக்கிறதுக்கு முன்னாடியே லேபிள் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. வாங்க மறுக்கவும் செய்யலாம்.

* ஆப்-ல உடனே புகார் பதிவு பண்ணி, புகார் எண்ணைக் குறிச்சு வைங்க. பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

* அதுக்கும் அசையலைன்னா, நுகர்வோர் ஆணையம். நீங்க வசிக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம். பொன்னேரிக்காரங்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட ஆணையம். நீங்க கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தா கட்டணம் இல்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள்ள செய்யணும்.

டெலிவரி தம்பி கண்ணு முன்னாலேயே பெட்டியை வீசினா? அதையும் புகாரில் எழுதுங்க. பெட்டி நசுங்கி வந்துச்சா, வாசல்ல வீசப்பட்டுச்சான்னு பிரிச்சு எழுதுங்க. செய்யாத தப்புக்கு நாம கொடுக்கிற ஒரு ஸ்டார், ஒருத்தரோட அடுத்த நாள் வேலையையே கேள்விக்குறியாக்கலாம். தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கு 2023-ல் தனி நல வாரியம் வந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவிகிதத்தை இவங்க நலனுக்காக ஆப் நிறுவனங்கள் தரணும்னு சொல்லுது. ஆனா, ஒரு நாளைக்கு எத்தனை பார்சல், அதுக்கு எவ்வளவு நேரம்ங்கிறதை இன்னமும் கம்பெனிதான் முடிவு பண்ணுது.

நாலு பேர் வாசல்ல திட்டினா, அந்தச் சத்தம் அந்தத் தெருவோட முடிஞ்சிடும். நானூறு பேர் 1915-க்கும், குறைதீர்ப்பு அதிகாரிக்கும் புகார் எழுதினா, பேக்கிங்குக்குச் செலவு பண்றது லாபமா, பணத்தைத் திருப்பித் தர்றது லாபமான்னு கம்பெனி கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பிக்கும். உடைஞ்ச ஜாரோட அடுத்த முறை நிற்கும்போது, தம்பியை அனுப்பிட்டு போனை எடுங்க.