நிறம் போனால் போதுமா?

போன வாரம் நடைப்பயிற்சியின்போது, சாயப்பட்டறையில் பல வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார. கண்ணாடிக் குடுவை நிறைய ரத்தச் சிவப்பில் சாயக்கழிவு. ஏதோ நுண்ணுயிர்க் கலவையை ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி வைக்கிறார்கள். மறுநாள் பன்னீர் மாதிரித் தெளிவு. "பாருங்க சார், பாக்டீரியா பூராத்தையும் தின்னுபோடுச்சுங்க" என்றார்.

தின்னவில்லை. வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

துணிக்குப் போடும் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் இடத்தைச் சார்ந்தே அதன் நிறம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் அசோ ரிடக்டேஸ் என்ற நொதியால் அந்தக் கைகளுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்துப் பிரித்துவிடுகின்றன. பள்ளியில் ஒடுக்க வினை என்று படித்தோமே, அதுதான். நிறம் போய்விடும். துண்டுகள் அரோமாட்டிக் அமீன்களாகத் தண்ணீரிலேயே கிடக்கும். எல்லாமே விஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பென்சிடின் போன்றவை சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்குபவை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்குப் பாரீஸ் பாஸ்தர் நிறுவனத்தின் மேல் ஒரு பாசம் உண்டு. 1935இல் ஜெர்மனியின் டொமாக், பிரான்டோசில் என்ற சிவப்புச் சாயத்தை மருந்தாக அறிவித்தார். எலியைக் காப்பாற்றிய அது, சோதனைக் குழாயில் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. அதே ஆண்டு பாஸ்தர் நிறுவனத்தில் திரெஃபுவெல் தம்பதியர், நித்தி, போவே ஆகியோர் விடை கண்டார்கள்: உடலுக்குள் சாயம் இரண்டாக உடைகிறது, வேலை செய்வது நிறமே இல்லாத சல்பனிலமைடு. அங்கே மிஞ்சிய துண்டு மருந்தானது. நம் குடுவையில் மிஞ்சியது என்னவென்று யார் பார்த்தது?

உடுத்துகிறவரின் தோலுக்காக இந்தக் கேள்வி எப்போதோ கேட்கப்பட்டுவிட்டது. தீங்கான அமீன்களைத் தரும் சாயங்களை 1994இல் ஜெர்மனி தடுத்தது. 1997க்குள் இந்தியாவும் 112 சாயங்களைத் தடை செய்துவிட்டது. பனியனுக்குக் காட்டும் அக்கறையைத் தண்ணீருக்கும் காட்ட வேண்டும் என்பதே என் கட்சி.

நிறத்தை நம்பியா ஆற்றை எடைபோடுவது? நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். சாயக்கழிவு தேங்கி, விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். பயிரைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. உப்புக்கு ஏது நிறம்? உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற விதியை மீறியதற்காகத்தான்.

பாக்டீரியா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் பாதி வேலையை அது அருமையாகச் செய்கிறது. அடுத்த தொட்டியில் காற்று ஊதி, வேறு பாக்டீரியாக்களை விட்டு அமீன்களையும் சிதைக்க வேண்டும். அதற்குப் பிறகும் உப்பை வடிகட்டித்தான் எடுக்க வேண்டும்.

"மூடியைத் திறந்து காற்று விட்டாங்களா? அப்புறம் அமீன் எவ்வளவு இருந்துச்சு?" என்று நண்பரிடம் கேட்டேன். அவர் வீடியோவை மறுபடி முழுக்க ஓட்டிப் பார்த்தார்.

"அது இதுல இல்லீங்களே சார்."