காரின் முன்கண்ணாடி மாற்றியவர்கள், மாற்றப்போகிறவர்கள் கவனத்துக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. கடந்த மூன்று நான்கு வருடத்தில் புதுக் கார் வாங்கியவர்கள் பொறுமையாகப் படித்துவிடுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் கணக்குப் படித்தவர்கள் மட்டும் தாண்டக் கூடாது. நடுவில் ஒரு முக்கோணம் வருகிறது.

எங்கள் வீட்டுக் கார் மகன் வற்புறுத்தி வாங்கியது. அவன் சென்னையில் இருக்கிறான். திருச்சிக்கு வந்தால் சில சமயம் காரை என்னிடம் விட்டுவிட்டு ரயிலில் போவான். அப்படி விட்டுப்போன ஒரு வாரத்தில், பெரம்பலூர் தாண்டி ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர். தார்ப்பாய் போடவில்லை. ஒரு கல் தெறித்து வந்து முன்கண்ணாடியில் பட்டது. முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் விரிசல். வெயிலில் நிறுத்திவிட்டு ஏசியைப் போட்டதும் அது குறுக்கே ஒரு கோடாக ஓடிவிட்டது.

இன்சூரன்ஸ் இருந்தது. ஊரில் கண்ணாடி மாற்றும் கடை ஒன்றில் கேஷ்லெஸ் வசதி. நம் நாட்டுப் பாலிசிகளில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை என்பதால் கையிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை. வேலை செய்த தம்பி கெட்டிக்காரர். பழைய கண்ணாடியைச் சேதமில்லாமல் எடுத்து, ஓரத்தைச் சுத்தம் செய்து, பசை போட்டு, புதுக் கண்ணாடியை இரண்டு பேராகத் தூக்கி வைத்த அழகை நின்று பார்த்தேன். உள்ளே ரியர்வியூ மிரருக்குப் பின்னால் ஒரு சின்னக் கேமரா இருக்கும். அதைக் கழற்றிப் புதுக் கண்ணாடியில் மாட்டினார். டக்கென்று சத்தம் வந்தது. "லாக் ஆயிடுச்சு சார்" என்றார். பசை காயும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். அதன்படியே செய்தேன்.

இரண்டு வாரம் கழித்து மகன் வந்து, மருமகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சென்னைக்குக் கிளம்பினான். உளுந்தூர்பேட்டை தாண்டும் வரை ஸ்டீயரிங் அவ்வப்போது இடப்பக்கம் லேசாக இழுத்திருக்கிறது. டயரில் காற்றுக் குறைவோ, அலைன்மென்ட் போய்விட்டதோ என்று நினைத்திருக்கிறான். ஒரு இடத்தில் ஓரமாகப் பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை நெருங்கும்போது ஸ்டீயரிங் மறுபடி இடப்பக்கம் திரும்பியது. இவன் அழுத்திப் பிடித்து வலப்பக்கம் இழுத்தான். பால்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். "அப்பா, கண்ணாடி மாத்துனப்ப கேமராவ காலிபரேட் பண்ணாங்களா?"

"மாட்டுனாங்களே" என்றேன்.

மாட்டுவதற்கும் காலிபரேட் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குப் புரியவைக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆனது. முப்பத்திரண்டு வருடம் முக்கோணவியல் நடத்தியவனுக்கு!

அந்தக் கேமராதான் காருக்குக் கண். வெள்ளைக் கோட்டைப் பார்ப்பது, முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது, கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் திருப்புவது, மோதப்போகிறோம் என்றால் தானே பிரேக் போடுவது, எல்லாம் அதை நம்பித்தான். அடாஸ் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அதுதான். சில கார்களில் முன்பக்கம் ரேடாரும் உண்டு. எங்கள் காரில் கேமரா மட்டும்.

இந்தக் கேமரா காரின் உடம்போடு பொருத்தப்பட்டதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னத் தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி மாறினால் தாங்கியும் மாறுகிறது. பசை ஒரு பக்கம் கொஞ்சம் தடிமனாக இருந்தாலோ, தாங்கி இம்மி சாய்ந்திருந்தாலோ கேமராவின் பார்வையும் சாயும். எவ்வளவு சாயும்? 57 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு தாங்கியின் ஒரு முனையை 1 மில்லிமீட்டர் தூக்கினால் 1 பாகை. (57 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பத்தாம் வகுப்பில் முன் பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியும்.)

இனி முக்கோணம். ஒரு பாகைக்கு டேன்ஜென்ட் மதிப்பு 0.01746. கேமரா ஒரு பாகை பக்கவாட்டில் திரும்பியிருந்தால், 100 மீட்டர் தூரத்தில் உள்ள பொருள் 1.75 மீட்டர் தள்ளி இருப்பதாக அதற்குத் தோன்றும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். சரியாகப் பாதி லேன்! கேமரா வலப்பக்கம் திரும்பியிருந்தால் சாலை இடப்பக்கம் இருப்பதாக நினைத்துக் காரை இடப்பக்கம் தள்ளும். அந்தப் பால்காரர் இருந்த பக்கம்.

மேலும் கீழும் சாய்ந்தால் இன்னும் மோசம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் கேமரா இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் தூரத்தில் நிற்கும் லாரியின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் கேமரா கிட்டத்தட்ட 1.86 பாகை கீழே பார்க்கிறது. அந்தக் கோணத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறது. (வேறு கணக்குகளும் சேர்த்துச் செய்யும், ஆனால் அடிப்படை இதுதான்.) இதில் அரைப் பாகை பிசகினால், 1.36 பாகை. 1.3-ஐ அதன் டேன்ஜென்டால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 55 மீட்டர் வரும். நாற்பதில் நிற்கிற லாரி ஐம்பத்தைந்தில் நிற்பதாகக் கார் நம்புகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறோம். பிரேக் போட வேண்டிய நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வினாடி அளவுக்குக் காணாமல் போகிறது.

எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிப் புதுக் கண்ணாடி போட்டபோது இரண்டு நாள் மாடிப்படி மேலே தூக்கித் தெரிந்தது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. மூளை பழகிக்கொண்டது. கேமராவுக்கு அந்தப் பழக்கம் தானாக வரும் என்று நம்பி நாம் ரோட்டில் இறங்க முடியாது. அதற்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அந்தச் சொல்லிக்கொடுக்கும் வேலையை மகன் சென்னையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நின்று பார்த்திருக்கிறான். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. சமதளத் தரையில் காரை நிறுத்துகிறார்கள். டிக்கியிலிருந்த மூட்டை முடிச்செல்லாம் வெளியே. டயரில் காற்று சரிபார்க்கிறார்கள். ஸ்டீயரிங் நேராக. பிறகு காரின் நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க முன்னும் பின்னும் தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் குறி வைத்து நூல் பிடிக்கிறார்கள். கொத்தனார் கையில் இருக்கும் அதே தூக்குக்குண்டு! அந்தக் கோட்டிலிருந்து கம்பெனி சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு பலகையை நிறுத்துகிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் கம்ப்யூட்டரை இணைத்து, "இதோ பார், இதுதான் நேர்" என்று கேமராவுக்குக் காட்டுகிறார்கள். எவ்வளவு விலகியிருந்தது என்று மகன் கேட்டதற்குத் திரையில் ஒரு எண்ணைக் காட்டினார்களாம். ஒரு பாகைகூட இல்லை.

சில கார்களுக்குப் பலகை வேண்டாம், கம்ப்யூட்டரை இணைத்துக்கொண்டு கோடு தெளிவாகப் போட்ட சாலையில் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். கோடு தெளிவாகப் போட்ட சாலைக்கு எங்கள் ஏரியாவில் எங்கே போவது என்பது தனிப் பதிவு.

செலவு நாலாயிரத்துச் சொச்சம். நாங்கள்தான் கட்டினோம். கிளெய்ம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றார்கள்.

இதில் என்னை மிகவும் கலங்கடித்தது ஒன்று உண்டு. அந்த இரண்டு வாரமும் டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. கேமராவுக்குத் தான் கோணலாக இருப்பது தெரியாது. சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துகிறது, கதவு சரியாக மூடாவிட்டால் கத்துகிறது. இதற்கு மட்டும் மௌனம்.

ஒன்றை மறைத்தால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் தம்பி, "கம்பெனில ஒருவாட்டி காட்டிக்கங்க சார்" என்று சொன்னார். சொன்னார்தான். நான் அதை "மறுபடி வாங்க சார்" என்பதுபோல ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். அன்று மாலை ஒரு ரிசப்ஷனுக்குப் போக வேண்டிய அவசரம். காரோடு வந்த புத்தகத்தில் கண்ணாடி மாற்றினால் கேமராவைச் சரிசெய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறது. பிற்பாடு தேடிப் பார்த்தேன். கேள்வித்தாளை முழுசாகப் படிக்காமல் எழுத ஆரம்பித்த பிள்ளைகளை எத்தனை முறை திட்டியிருப்பேன்! அத்தனை பேரிடமும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் என் தப்பு என்று சொல்லி மூடிவிடவும் எனக்கு மனமில்லை. அவசரத்தில் இருக்கும் ஒரு கிழவனிடம் வாய்மொழியாக ஒரு வரி சொல்வது தகவல் சொன்னதாக ஆகாது. என்ன காட்ட வேண்டும், எதற்குக் காட்ட வேண்டும், காட்டும் வரை எதைப் பயன்படுத்தக் கூடாது, இது பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும். "கேமரா காலிபரேஷன் செய்யப்படவில்லை. செய்யும் வரை லேன் அசிஸ்ட், தானியங்கி பிரேக்கை நம்ப வேண்டாம்." இவ்வளவுதான். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துவைத்தால் போதும், நூறு ரூபாய்கூட ஆகாது.

இன்சூரன்ஸ்காரர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. கண்ணாடி, பசை, ரப்பர், கூலி எல்லாவற்றையும் எஸ்டிமேட்டில் வரிவரியாகப் பார்க்கிற சர்வேயர், அந்தக் காரில் கேமரா இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். காலிபரேஷன் என்பது கண்ணாடி மாற்றும் வேலையின் பகுதி. தனிச் சலுகை கிடையாது. பல் கட்டிவிட்டு, கடித்துப் பார்ப்பதற்குத் தனிக் காசு என்று எந்த டாக்டராவது சொல்வாரா? கிளெய்ம் முடிப்பதற்கு முன்னால் காலிபரேஷன் செய்த கம்ப்யூட்டர் பிரிண்ட் ஒன்று ஃபைலில் இருக்க வேண்டும் என்று அவர்களே கட்டாயப்படுத்தினால் கடைகள் தானாக வழிக்கு வரும்.

அரசாங்கத்துக்கு இது புது வேலையும் இல்லை. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை வைக்கிற துறை நம்மிடம் இருக்கிறது. மின்னணுத் தராசை வருடா வருடம் சோதித்து முத்திரை வாங்க வேண்டும். அரைக் கிலோ துவரம்பருப்பில் பத்து கிராம் குறைந்தால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பை 80 கிலோமீட்டர் வேகத்தில் நடத்துகிற கண்ணைக் கழற்றி மாட்டினால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பஸ், லாரி போன்ற பெரிய வண்டிகளுக்கும் தானியங்கி பிரேக், லேன் எச்சரிக்கை எல்லாவற்றையும் கட்டாயமாக்க 2025-ல் மத்திய அரசு வரைவு அறிவிப்பு வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் லாரிக் கண்ணாடி உடைந்தால் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ரோட்டோரப் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்தப் பட்டறைக்குப் பலகையும் கம்ப்யூட்டரும் பயிற்சியும் யார் கொடுப்பது? அதையும் சேர்த்து யோசிக்காவிட்டால் கோணல் கண்ணோடு லாரிகள் ஓடும்.

எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "நம்ம ரோட்டுக்கு அடாஸெல்லாம் எதுக்கு சார், ஆஃப் பண்ணிப் போட்டுட்டு ஓட்டச் சொல்லுங்க" என்றார். மாடு குறுக்கே வருகிறது, எதிர்த்திசையில் டிராக்டர் வருகிறது, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெரிந்து ஆஃப் செய்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஓட்டுகிறவர் விழிப்பாக இருப்பார். அதே சமயம், ராத்திரி நேரத்தில் கண்ணயர்ந்த ஒரு டிரைவரை அந்த பிரேக் காப்பாற்றவும் செய்யும். எனக்கு வேண்டாதது நடுவில் உள்ள நிலைதான். இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், அது கோணலாக இருக்கிறது.

கண்ணாடி மட்டும் இல்லை. முன்பக்கம் அடிபட்டு பம்பர் மாற்றினால், ரேடார் உள்ள கார்களில் அதையும் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் வேலை, அலைன்மென்ட் செய்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவுக்கு நேரே ஃபாஸ்டேக்கோ சாமி ஸ்டிக்கரோ ஒட்டாதீர்கள். முருகன் எங்கே ஒட்டினாலும் துணை இருப்பார்.

சென்ற மாதம் அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். சண்டை போடப் போகவில்லை. அந்தத் தம்பி என்னை அடையாளம் தெரிந்து நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "எங்களுக்கு மாட்டத்தான் சார் சொல்லிக்கொடுத்தாங்க" என்றார். பிறகு, "ஒரு டிகிரிக்கு எவ்ளோ சார் தள்ளும்?" என்று கேட்டார். ஒரு பழைய பில்லின் பின்பக்கம் முக்கோணம் போட்டுக் காட்டினேன். நூறு மீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர் என்று அவரே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளியும் பில்லில் ஒரு வரி சேர்க்கிறேன் என்று சொன்னார்.

போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் அதே கடையில் கண்ணாடி மாற்றினார். பில்லை வாங்கிப் பார்த்தேன். அந்த வரி இல்லை. ஆனால் தம்பி அவரிடம் கம்பெனிக்குப் போகச் சொல்லி, எதற்கு என்று பத்து நிமிஷம் விளக்கியிருக்கிறார். முக்கோணம் போட்டுக் காட்டினாராம்.

புதன்கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. முதலாளியைப் பார்த்து மறுபடி கேட்டுவிட்டு வருகிறேன்.